பேய் மாளிகையில் பேர் சொல்லக் கூடாது

கச்சிராயபாளையத்தைத் தாண்டி கோமுகி அணைக்குப் போகிற ரோட்டில் நிலக்கடலை மூட்டை அடுக்குகிற ஒரு பழைய மல்லாட்டை குடோன் இருந்தது. அதைத்தான் சடையன் பேய் மாளிகை ஆக்கினார். மாளிகை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை, கறுப்புச் சாயம் அடித்த சாக்குப் படுதா, வளைந்து வளைந்து போகிற இருட்டுச் சந்து, அவ்வளவுதான். கல்வராயன் மலையில் அருவி குளித்துவிட்டு இறங்கி வருகிறவர்கள் ஈரத் தலையோடு டிக்கெட் வாங்கி உள்ளே போவார்கள். அலறுவார்கள். வெளியே வந்ததும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே டீ குடிப்பார்கள். உள்ளே மெஷின் என்று ஒன்றும் கிடையாது. பேய்கள் எல்லாம் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற மனிதர்கள்.

அம்மாசி சவப்பெட்டிக்குள் படுத்திருப்பார். ஆள் பக்கத்தில் வந்ததும் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து உட்கார வேண்டியது அவர் வேலை. கடைசி அறை ஜெயசுதாவுடையது. வெள்ளைப் புடவை, விரித்துப் போட்ட தலை, முகத்தில் கோதுமை மாவு. அவளுக்கு ஓட்டமும் பாய்ச்சலும் தேவையில்லை. மூலையில் நின்றபடி ஒரு கத்து கத்துவாள். மீசையை முறுக்கிக்கொண்டு வந்த ஆண்பிள்ளைகள்கூட முன்னால் போகிறவன் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். இருபது வருஷமாக அந்தத் தொண்டைதான் அந்தக் குடோனுக்குச் சோறு போட்டது. இதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை என்றாலும் உண்மை அதுதான்.

அவளுடைய தம்பி சின்னராசு மட்டும் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வருகிற மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். சாயங்காலம் லோடு இறக்கிவிட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பான். "யக்கா" என்று ஒரு சத்தம். அவள் மாவைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் ஏறிக்கொள்வாள். உள்ளே வந்து ஒரு தடவை பாரேண்டா என்று அவள் கூப்பிடாத நாள் இல்லை.

"வேணாங்க்கா. நீ கத்தறது வாசல்ல கேட்டாவே எனக்கு ஆவாது. நெசமா அழுவுற மாதிரியே இருக்குது" என்பான்.

அவளை அழவிடக் கூடாது என்று அவன் நினைத்ததற்குக் காரணம் உண்டு. திருக்கோவிலூரில் அவளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் இன்னொருத்தியை வீட்டுக்கே கூட்டி வந்தபோது, பஞ்சாயத்து, பேச்சு என்று ஒன்றுக்கும் நிற்காமல், மீசைகூட முளைக்காத தம்பி பஸ் ஏறிப் போய் அக்காவின் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தான். அன்றிலிருந்து தம்பி வீடுதான் அவள் வீடு. தம்பி பெண்டாட்டி கண்ணகியும் ஒரு நாள் முகம் கோணியதில்லை. தம்பி மகள் சுபஸ்ரீ அவள் மடியில்தான் வளர்ந்தாள்.

பேய் மாளிகைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. திறந்த அன்றைக்குப் பூசை போட்ட பூசாரி சொல்லிவிட்டுப் போனது அது. விளையாட்டுக்குச் செய்தாலும் பேய் வேஷம் பேய் வேஷம்தான், இதுக்குள்ள யார் பேரையும் சொல்லிக் கூப்பிடாதீங்க, சொன்ன பேரு இங்கயே தங்கிடும் என்றார். சடையன் அதை வாசலில் பலகையாகவே எழுதி மாட்டிவிட்டார். உள்ளே வேலை செய்கிறவர்கள் அதைத் தட்டியதே இல்லை. அம்மாசிக்கு உள்ளே பெயர் "பொட்டி". ஜெயசுதாவுக்கு "வெள்ளை". ஒரு முறை படுதா சரிந்து விழுந்து அம்மாசிக்கு மண்டை உடைந்தபோதும் ஜெயசுதா "பொட்டி, பொட்டி" என்றுதான் கத்திக்கொண்டு ஓடினாள். அந்த அளவுக்கு நாக்கு பழகிப்போயிருந்தது.

பிறகு சடையனுக்கு முட்டி போயிற்று. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மகன் பிரவீன்குமார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஜெயசுதா தூக்கி வளர்த்த பிள்ளைதான். சின்ன வயதில் அவள் மாவு பூசுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு நாள் எல்லோரையும் நிற்க வைத்து அவன் பேசினான்.

"இந்த மாதிரி இனிமே ஓடாதுக்கா. ஜனங்க போன்லயே இதவிட ஜாஸ்தி பாத்துக்கினு இருக்காங்க. நாம இன்னும் சாக்கையும் கோதுமை மாவையும் வச்சிக்கினு இருக்கோம். மூடிட்டுப் புதுசா போடப் போறேன். எல்லாம் சென்சார். ஆளு நடந்தா அதுவே எறங்கும், அதுவே கத்தும்."

"எங்கள இன்னா பண்ணப் போறீங்க தம்பி?" என்று அம்மாசி கேட்டார்.

"உங்களுக்கு வயசாயிடுச்சி மாமா. பொட்டிக்குள்ள ஒரு நாள் நெசமாவே போய்ட்டீங்கன்னா எம்மேலதான் கேசு வரும்" என்று சொல்லிச் சிரித்தான். அவனோடு வேறு யாரும் சிரிக்கவில்லை.

சடையன் பக்கத்தில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் இவர்கள் போட்ட கூச்சலில்தான் அவர் மாடி வீடு எழும்பியது. அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. கடைசியில் ஆளுக்கு ஒரு சால்வையைப் போர்த்தி போட்டோ எடுத்து அனுப்பினார்கள். சித்திரை வெயிலில் சால்வையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அம்மாசி அதைச் சவப்பெட்டி மேலேயே போட்டுவிட்டு வந்தார்.

ஜெயசுதாவை மட்டும் பிரவீன்குமார் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, நீங்க எங்கயும் போவப் போறதில்ல. உங்க கொரல ரெக்கார்டு பண்ணி புதுசுல போடப் போறேன். ஆளு வூட்ல இருந்தாலும் கொரலு இங்க இருக்கும். எப்பவும் இருக்கும்."

அவளுக்கும் அப்போது அது மரியாதையாகத்தான் பட்டது. சரிங்க தம்பி என்றாள்.

சேலத்திலிருந்து ஒரு சவுண்டுக்காரப் பையன் வந்தான். குடோனில் படுதாக்களை எல்லாம் கழற்றியாகிவிட்டது. கடைசி அறை மட்டும் மிச்சம். நல்ல நடுப்பகல். வெள்ளைப் புடவையின் தோளில் மைக்கைக் குத்திவிட்டார்கள். கத்தச் சொன்னார்கள், கத்தினாள். விம்மச் சொன்னார்கள், விம்மினாள். சிரிக்கச் சொன்னார்கள், அதையும் செய்தாள். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்ததற்கு நிற்கிறபோது அவள் இடுப்பில் சொருகியிருந்த போன் அதிர்ந்தது. பேசியது பக்கத்து வீட்டுக்காரன். மலை ரோட்டில், வளைவில், கிழங்கு மூட்டையோடு சின்னராசு வண்டி கவிழ்ந்துவிட்டது என்றான். ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போனாங்க, வழியிலயே முடிஞ்சிடுச்சி என்றான்.

அவள் கத்தினாள். அதற்குக் கத்தல் என்று பேர் வைக்கலாமா என்று தெரியவில்லை. பெற்ற வயிறு மாதிரி வளர்த்த வயிறும் பற்றி எரியும்போது வருகிற சத்தம் அது. தம்பியின் பெயர் நெஞ்சிலிருந்து தொண்டை வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. இருபது வருஷப் பழக்கம் நாக்கைக் கடித்துப் பிடித்தது. இதுக்குள்ள சொல்லக் கூடாது, சொன்னா அவன் இங்கயே தங்கிடுவான். அந்த நிலையிலும் அவள் புத்தி அவனைத்தான் காப்பாற்றப் பார்த்தது. பேரில்லாத சத்தமாகவே கத்திக்கொண்டு வாசல்படி தாண்டினாள். ரோட்டுக்கு வந்த பிறகுதான் "சின்னராசு" என்று வாய்விட்டு வந்தது. தோளில் இருந்த மைக் உள்ளேயே அறுந்து விழுந்திருந்தது.

பிரவீன்குமார்தான் தன் காரில் அவளை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். காரியத்துக்கும் வந்து உட்கார்ந்தான். எழுந்து போகும்போது அவள் பக்கத்தில் வந்து, "அன்னிக்கு எடுத்தத எல்லாம் அழிச்சிட சொல்லிட்டேன்க்கா, நீங்க அதப் பத்தி நெனைக்காதீங்க" என்றான். தங்கமான பிள்ளை என்று அவள் அன்றைக்கு அவனைப் பற்றிக் கண்ணகியிடம் சொன்னாள். இந்த வார்த்தையை நினைத்து நினைத்துப் பின்னால் அவள் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

கரும்பு வெட்டு முடிகிற சமயம் அதே குடோனில் புது மாளிகை திறந்தது. ஊர் முழுக்க ஃப்ளெக்ஸ். ஹாரர் வேர்ல்டு என்று பெயர். ரத்தம் சொட்டுகிற எழுத்தில் வாசலில் அதே வாசகம்: உள்ளே யாரையும் பேர் சொல்லி அழைக்காதீர்கள். பலகையை மட்டும் தூக்கிப் போட மனசு வரவில்லை போலிருக்கிறது, அதில் காசு வரும் என்று தெரிந்திருக்கிறது. ஜெயசுதா அந்தப் பக்கம் போகவே இல்லை. கண்ணகியோடு சேர்ந்து கரும்புக் காட்டில் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை சுபஸ்ரீ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு அங்கே போய்விட்டு வந்தாள். வந்தவள் சோறு வேண்டாம் என்றாள். புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி ஆச்சி, பயந்துட்டியா?" என்று ஜெயசுதா கேட்டாள்.

"அத்த, அங்க நீ அப்பாவுக்கு அழுவுற."

"இன்னா சொல்ற?"

"கடைசி ரூம்ல ஒரு பொம்மை மேலேருந்து எறங்குது. அதுல உங் கொரலு. நீ பேயா கத்துவியே, அதுன்னுதான் மொதல்ல நெனச்சேன். அது இல்ல அத்த. அப்பாவ கொண்டாந்து எறக்கினப்ப வாசல்ல வுழுந்து கத்தினியே, அதே அழுவ. எல்லாரும் சிரிச்சாங்க. கூட வந்த ரம்யா எங் கையப் புடிச்சிக்கினு சிரிச்சா. நான் ஒண்ணும் சொல்லல."

ஜெயசுதா எழுந்து போய் முகம் கழுவினாள். கழுவின கையோடு செருப்பைக்கூடப் போடாமல் ரோட்டுக்கு வந்து, கிடைத்த டவுன் பஸ்ஸில் ஏறினாள். இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே போனாள்.

பிரவீன்குமாரின் அறைக்குள் ஏசி ஓடியது. சடையன் ஓரத்தில் ஒரு நாற்காலியில் இருந்தார். அவள் உள்ளே போய் நின்ற சமயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம் வந்தது. அவளுடைய சத்தம். தொடர்ந்து கூட்டம் அலறியது, அதற்கடுத்து சிரிப்பு. ஒருவன் விசில் அடித்தான்.

"தம்பி, அழிச்சிட்டேன்னு சொன்னீங்க."

"உக்காருங்கக்கா. அழிக்கத்தான் சொன்னேன். செட்டு போட்டவங்க எல்லாத்தையும் கேட்டுப் பாத்துட்டு இதுதான் வேணும்னுட்டாங்க. மத்ததெல்லாம் நடிப்பா இருக்குதாம்."

"இது நடிப்பு இல்லன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்க்கா. அதனாலதான் இவ்ளோ நல்லா வந்திருக்குது."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கத்தரிக்காய் நன்றாகக் காய்த்திருக்கிறது என்று சொல்கிறவன் மாதிரி சொன்னான். கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம். அவள் கை உயரவில்லை, தூக்கி வளர்த்த கை அது.

"எடுத்துடுங்க" என்றாள்.

"எப்படிக்கா எடுக்கிறது? ஜனங்க அதுக்குத்தான் வராங்க. நீங்க ஏன் இதப் பெருசு பண்றீங்க? அதுல பேரு ஏதாவது இருக்குதா? யாருக்காக அழுவுறாங்கன்னு கேக்கறவங்களுக்குத் தெரியுமா? ஒரு பேரு இருந்திருந்தா நானே போட்டிருக்க மாட்டேன். இது வெறும் சத்தம்க்கா."

ஜெயசுதா சடையனைப் பார்த்தாள். "மொதலாளி, நீங்க சொல்லுங்க."

சடையன் குனிந்துகொண்டு, "இப்ப எல்லாம் அவந்தாம்மா பாத்துக்கிறான்" என்றார். முதலாளி என்று கூப்பிட்ட வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடியும் அவள் கத்தினாள். மறுபடியும் சிரித்தார்கள்.

திரும்பும்போது அவள் பஸ் ஏறவில்லை. கரும்பு லாரிகள் போகிற ரோட்டில் ஓரமாக நடந்தாள். வெறும் சத்தம். பேரில்லாத சத்தம். பேர் ஏன் இல்லை? அவன் அங்கே தங்கிவிடக் கூடாது என்று அவள் பல்லைக் கடித்து விழுங்கியதால்தான் இல்லை. அவள் காத்த கட்டுப்பாடே இவனுக்கு வசதியாகப் போய்விட்டது. பேரைச் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். சொல்லாததால் தம்பியின் சாவு அங்கே கட்டிக்கிடக்கிறது, நாளெல்லாம், அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் சிரித்துவிட்டுப் போவதற்கு. அக்கா அழுவது ஆகாது என்று வாசலோடு நின்ற பிள்ளை அவன். இதை யோசிக்க யோசிக்க அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, நடை வேகமாகியது.

வழியில் அம்மாசி வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கல்ல எடுத்து அந்த பொம்மை மேல போட்டுட்டு வரவா?" என்றார்.

"ஒடைச்சா வேற பொம்மை வாங்குவான் மாமா. சத்தம் அப்படியேதான் இருக்கும். நாளைக்கு ஞாயித்துக்கெழமை. நான் உள்ள போவப் போறேன். போய் அவம் பேர சொல்லப் போறேன்."

அம்மாசி அவளை நிமிர்ந்து பார்த்தார். "உள்ளயா? சொன்ன பேரு தங்கிடும்மா."

"ஏற்கெனவே தங்கிட்டான் மாமா. இனிமே கூப்புட்டாதான் வெளிய வருவான்."

ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். திருநாவலூர் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். நூறு நாள் வேலைக்குச் சேர்ந்து போகிறவர்கள், சீட்டு போட்டுச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர்கள். அருவி நனைத்த புடவையைப் பிழிந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். அவர்களில் மூத்தவள் இருசம்மாள் என்று ஒருத்தி, பல்லில் பொடி வைத்துக்கொண்டு, எல்லோரையும் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தாள். ஜெயசுதா டிக்கெட் வாங்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நின்றாள். கவுண்ட்டரில் இருந்த புதுப் பெண்ணுக்கு அவளைத் தெரியாது.

உள்ளே எல்லாம் மாறியிருந்தது. நீல வெளிச்சம், புகை, குளிர். சுவரிலிருந்து கைகள் நீண்டன. பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு, கத்தி, சிரித்து, ஒருத்தியை ஒருத்தி முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டு போனார்கள். கடைசி அறை வந்தது. இருட்டு. கூரையிலிருந்து வெள்ளைப் புடவை கட்டிய பொம்மை சரசரவென்று இறங்கியது. வாய் திறந்தது.

தன் குரலை அவ்வளவு பக்கத்தில் அவள் கேட்டதில்லை. பெண்கள் அலறினார்கள், பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஜெயசுதா வாயைத் திறந்தாள்.

"சின்னராசு" என்றாள்.

இருபது வருஷமாக அந்த அறையில் அவள் சொல்லாத ஒரே சொல் மாதிரி அது வந்தது. ஒரு தடவை சொன்னதும் தொண்டை திறந்துகொண்டது.

"சின்னராசு, எந் தம்பி சின்னராசு. மலங்காட்டு வளைவுல மூட்டையோட வுழுந்தியே. பொட்டியத் தலையில தூக்கிக்கினு என்ன பொறந்த வூட்டுக்கு கூட்டியாந்தியே. உன்னத் தூக்கி அனுப்ப என்ன வச்சிட்டுப் போனியே."

சிரிப்பு பாதியில் நின்றது. யாரோ, "இதுவும் மெஷினா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மெஷினு இல்லடி" என்றாள் இருசம்மாள். "யாரும்மா அது? நெசமா அழுவுறது யாரு?"

"நான்தாம்மா. இப்ப மேலேருந்து கத்துச்சே, அதுவும் நான்தான். எந் தம்பி செத்துட்டான்னு சேதி வந்தப்ப இங்க நின்னு கத்தினேன். அதப் புடிச்சி வச்சிக்கினு டிக்கெட்டு போட்டு வுடறாங்க. நீங்க சிரிச்சது எந் தம்பி சாவுக்கும்மா."

இருட்டில் யார் முகமும் தெரியவில்லை. ஒருத்தி "அடப் பாவிங்களா" என்றாள். அப்புறம் வளையல் சத்தம் கேட்டது. இருசம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருத்தி பேர் சொல்லி அழ ஆரம்பித்தால் மற்றவள் நிற்கக் கூடாது. தெரிந்தவளோ தெரியாதவளோ, பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கைபோட வேண்டும். கைபோடாமல் தாண்டிப் போகிறவள் பெண்ணே இல்லை என்பார்கள். இருசம்மாள் ஜெயசுதாவின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். தோளில் கைபோட்டாள். வேனில் வந்த அத்தனை பேரும் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள், வட்டமாக, கழுத்தைக் கட்டிக்கொண்டு.

"சின்னராசு, எந் தம்பி" என்று ஜெயசுதா எடுத்தாள்.

"பெத்த தாயி எங்க இருக்காளோ, பொறந்தவ இங்க கதறாளே" என்று இருசம்மாள் வாங்கினாள்.

யாராவது கையை அசைத்தால் போதும், சென்சார் அதைப் பிடித்துக்கொண்டு பொம்மையை இறக்கியது. இறங்கி இறங்கிக் கத்தியது. ஒவ்வொரு முறை அது கத்தும்போதும் கீழேயிருந்து பெண்கள் பேர் சொல்லி அழுதார்கள். இப்போது அது பேரில்லாத சத்தமாக இல்லை. அவரவர் வீட்டில் போனவர்களையும் சேர்த்தே அழுதார்கள், சாவு வீட்டில் அப்படித்தான் அழுவார்கள். பின்னால் வந்த கூட்டம் வாசலிலேயே மிரண்டு நின்றது. ஒரு ஆண்பிள்ளை தலையில் மாட்டியிருந்த தொப்பியைக் கழற்றினான்.

டியூப் லைட்டுகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. பிரவீன்குமார் ஓடி வந்தான். வெளிச்சத்தில் அறை சின்னதாக இருந்தது. சிமெண்ட் தரையில் ஈரப் புடவைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் தலைக்கு மேல் பிளாஸ்டிக் வாயைத் திறந்துகொண்டு பொம்மை தொங்கியது.

"இன்னா பண்றீங்க எல்லாரும்? எழுந்திருங்க. வெளிய ஆளுங்க நின்னுக்கினு இருக்காங்க. அக்கா, இன்னா இது?"

ஜெயசுதா கண்ணைத் துடைக்காமல் அவனைப் பார்த்தாள். "நீ பாதியத்தான் போட்டுக்கினு இருந்த பிரவீன்குமாரு. மீதிய நான் போட்டுட்டேன்." அவனை அவள் தம்பி என்று கூப்பிடாதது அதுதான் முதல் தடவை. அது அவனுக்கும் தெரிந்தது.

இருசம்மாள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ யாருப்பா? செத்தவனுக்கு நீ இன்னா ஆவணும்?"

சாவு வீட்டுக்குப் புதிதாக வருகிறவனிடம் கேட்கிற கேள்விதான்.

"நான் ஓனருங்க" என்றான்.

"எதுக்கு ஓனரு? இவ அழுவைக்கா?"

அவன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். படுதாவை விலக்கிக்கொண்டு சடையன் நொண்டி நொண்டி வந்தார். கூடவே, ஜெயசுதா சொன்னதைக் கேட்டு வந்திருந்த அம்மாசி. பெண்கள் வட்டத்தைப் பார்த்ததும் சடையனின் கை தானாகத் தோளுக்குப் போயிற்று. துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இழவு வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்றார்.

"அத அழிச்சிட்ரா" என்றார்.

"அப்பா, இன்னிக்கு ஞாயித்துக்கெழமை."

"அழிச்சிட்ரான்னா அழி."

மகன் நகரவில்லை. அம்மாசி ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கொடுத்தார். முட்டி போன மனுஷன் அதன் மேல் ஏறிப் பொம்மையின் நெஞ்சுக்குள் கையை விட்டு, கையில் சிக்கிய ஒயரை எல்லாம் பிடுங்கினார். பொம்மை பாதி வழியில் நின்றுவிட்டது. இதைச் செய்ததால் அவர் பெரிய மனுஷர் ஆகிவிடவில்லை. நேற்றே செய்திருக்க வேண்டியது. ஜெயசுதா அவரைப் பார்த்துக் கையெடுக்கவும் இல்லை.

"கம்ப்யூட்டர்ல இருக்கறதையும் எடு. இவ எதுர்லயே எடு" என்றார் சடையன்.

பிரவீன்குமார் போன் வழியாகவே கம்ப்யூட்டரில் இருந்ததை எல்லோர் முன்னாலும் அழித்தான். "நெட்ல ஆயிரம் சத்தம் கெடைக்கும், வேற போட்டுக்கறேன்" என்று முணுமுணுத்தான். போட்டுக்கொள்ளட்டும். அவனுக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை என்பது அதிலேயே தெரிந்தது. புரியவைக்க அவள் வரவில்லை, தம்பியைக் கூட்டிக்கொண்டு போக வந்தாள்.

பெண்கள் எழுந்தார்கள். புடவையைத் தட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். வெளியே டீக்கடை ஓரம் ஒரு குழாய் இருந்தது. இருசம்மாள் நேராக அங்கே போய்க் கால் கழுவினாள், முகம் கழுவினாள். அடுத்தவள் கழுவினாள். வரிசையில் டிக்கெட்டோடு நின்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். உள்ளே சாவு என்று அவர்களுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா முதலில் விலகினாள். அப்புறம் வரிசை கலைந்தது.

ஜெயசுதா கடைசியாக வந்தாள். வாசற்படியைத் தாண்டுவதற்கு முன்னால் நின்று, அந்த ரத்த எழுத்துப் பலகைக்குக் கீழே, உள்பக்கம் திரும்பினாள்.

"சின்னராசு" என்று கூப்பிட்டாள். "வாடா, வூட்டுக்குப் போலாம்."

கொஞ்சம் நின்றாள், அவன் வருவதற்கு இடம் விடுகிற மாதிரி ஒதுங்கினாள். பிறகு படி இறங்கினாள்.

"அக்கா" என்று பின்னால் பிரவீன்குமார் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. குழாயடியில் இருசம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். ஜெயசுதா கால் கழுவிக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தாள். அந்தப் பெண்களும் வேனில் ஏறினார்கள். வருகிறேன் என்று ஒருத்தியும் யாரிடமும் சொல்லவில்லை, சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை.